ஓய்வுக்காலக் காசில் ஒரு பழைய அமெரிக்கக் கார்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் இருப்பது 1962-ஆம் ஆண்டு ஃபோர்ட் ஃபால்கன். ஆறு சிலிண்டர், 170 கன அங்குல என்ஜின். பெட்ரோல் நிலையத்தில், கோயில் வாசலில், சாப்பாட்டுக் கடையில் என்று எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து கேட்கிறார்கள். பலர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், அல்லது அப்பாவின் கார் ஒன்று வீட்டுக் கொட்டகையில் கிடப்பதாகச் சொல்பவர்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பென்ஷன் காசில் இந்த ஆசை சரிப்படுமா, அண்ணே?

சரிப்படும், இது வீட்டின் இரண்டாவது கார் என்றால். மருத்துவமனைக்குப் போக, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட மைவி, சாகா மாதிரி ஓர் உள்ளூர்க் கார் வீட்டில் இருக்க வேண்டும். பழைய கார் ஒரு மாதம் பட்டறையில் படுத்தாலும் குடும்பம் நடக்க வேண்டும்.

சேமநிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும் மாதத்தில் மட்டும் வாங்காதீர்கள். ஆறு மாதம் போகட்டும், ஆசை அப்படியே இருந்தால் பார்க்கலாம். வாங்கும் விலை எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே அளவு தொகை முதல் ஆண்டுச் செலவுக்குக் கையில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பத்தாயிரம் இருந்தால் ஐயாயிரத்துக்குக் கார் தேடுங்கள். கடன் வாங்கி இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வி8 வாங்கலாமா? அமெரிக்கக் கார் என்றாலே வி8தானே?

எட்டு சிலிண்டர் வி8-இன் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் சாலை வரிக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காருக்கு 2,000 சிசிக்கு மேல் 2,500 வரை 380 வெள்ளியும் (ரிங்கிட்) கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளியும். 2,500க்கு மேல் 3,000 வரை 880 வெள்ளியோடு சிசிக்கு 2.50. 3,000ஐத் தாண்டினால் 2,130 வெள்ளியோடு சிசிக்கு 4.50.

இதை ஃபோர்ட் என்ஜின்களுக்குப் போட்டுப் பாருங்கள். 144 கன அங்குலம் சுமார் 2,360 சிசி. வரி 740 வெள்ளி. 170 கன அங்குலம் சுமார் 2,786 சிசி, 1,595 வெள்ளி. 200 கன அங்குலம் சுமார் 3,277 சிசி. 3,376 வெள்ளி 50 காசு. முஸ்டாங்கில் வரும் 289 வி8 சுமார் 4,736 சிசி; 9,942 வெள்ளி. எல்லாம் ஓர் ஆண்டுக்கு.

எந்திர வேலை தெரிந்தவனாகக் கேட்டால் 200தான் நல்ல என்ஜின். 1965 முதல் வந்த 200-இல் கிராங்க் ஷாஃப்டை ஏழு மெயின் பேரிங் தாங்குகிறது. 144, 170 இரண்டிலும் நான்குதான். ஆனால் 3,000 சிசி கோட்டைத் தாண்டிய குற்றத்துக்கு அது இரண்டு மடங்குக்கு மேல் வரி கட்டுகிறது. பென்ஷன்காரருக்கு 144 அல்லது 170 போதும்.

பழங்கால வாகனங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் சலுகை விகிதம் உண்டு. அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும், நிபந்தனைகளும் உண்டு. வாங்குவதற்கு முன்பே கிராண்டின் (காரின் பதிவுப் பத்திரம்) நகலோடு முகப்புக்குப் போய், இந்தக் காருக்குச் சலுகை கிடைக்குமா, எந்த நாட்களில் ஓட்டலாம் என்று கேட்டுவிடுங்கள். சலுகை கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொண்டு, முழு வரி கட்டும் கணக்கிலேயே பட்ஜெட் போடுங்கள்.

ஃபால்கன் ஆஸ்திரேலியக் கார் அல்லவா?

பிறந்தது அமெரிக்காவில். ராபர்ட் மெக்நமாரா ஃபோர்டில் நிர்வாகியாக இருந்தபோது, எளிய குடும்பங்களுக்கான சிறிய காராக 1960 மாடலாய் வந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் வலக்கை ஓட்டலில், அதாவது ஸ்டீயரிங் வலப்பக்கம் வைத்து, செய்யத் தொடங்கினார்கள்: எக்ஸ்கே, பிறகு எக்ஸ்எல், எக்ஸ்எம், எக்ஸ்பி என்ற மாடல்கள். நம் சாலைக்கு வலக்கை ஓட்டல்தான் வேண்டும். லோரியின் பின்னால் இடக்கை ஓட்டல் காரில் உட்கார்ந்து முந்திப் பார்த்தால் காரணம் புரியும்.

இன்னொரு லாபமும் இதில் இருக்கிறது. 1964 ஏப்ரல் 17-இல் வெளிவந்த முஸ்டாங், ஃபால்கனின் அடித்தளத்தில் கட்டப்பட்டது. முஸ்டாங்குக்கு இன்றைக்கும் புதிதாக உதிரிப்பாகம் செய்கிறார்கள். ஆறு சிலிண்டர் முஸ்டாங்கின் பாகங்களில் பல ஃபால்கனுக்கும் பொருந்தும். ஆண்டும் பாக எண்ணும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்ரோலெட் பெல் ஏர் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் பென்ஷன் காசில் அதைக் காப்பாற்றுவது பெரிய பாடு.

வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

பெயிண்டையும் குரோமையும் பார்க்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டுக்கு மேலே காற்று போகும் துளைகள் உள்ள தகடு இருக்கும். அதில் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் உள்ளே குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல காரில் தண்ணீர் இரு ஓரமும் வழிந்து வெளியே தரையில் விழும். கெட்ட காரில் கால் வைக்கும் இடத்தில் சொட்டும், சிலவற்றில் கொட்டும். உள்ளே இருக்கும் அந்தத் தகடு துருப்பிடித்துவிட்டது என்று பொருள். வெளியிலிருந்து அது தெரியாது, எளிதில் கை வைக்கவும் முடியாது. வெட்டித் திறந்து ஒட்ட வேண்டும். முஸ்டாங்குக்கும் இதே வியாதி உண்டு.

அடுத்து பானெட்டைத் திறந்து, முன்சக்கர ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் இரண்டு கோபுரத் தகடுகளிலும் விரிசல் இருக்கிறதா பாருங்கள். இந்தக் காருக்குத் தனி அடிச்சட்டம் (ஃபிரேம்) கிடையாது. உடல் தகடே அடிச்சட்டம். தரைத் தகடு போனால் காரின் முதுகெலும்பே போனது மாதிரி. கம்பளத்தைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கத் தயங்காதீர்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த காராக இருந்தால் பக்கத்தில் உரம் அடுக்கியிருந்தார்களா என்று விசாரியுங்கள். அம்மோனியம் சல்ஃபேட்டும் பொட்டாஷும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உரக்கொட்டகையில் பத்து ஆண்டு நின்ற காரைவிட மழையில் நின்ற கார் மேலாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கிராண்ட், பெயர் மாற்றம்?

கிராண்டில் உள்ள என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் காரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். முன்பு யாரோ என்ஜினை மாற்றிவிட்டுப் பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றப் பரிசோதனையில் நின்றுவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எண்ணைத் துடைத்துப் படம் எடுங்கள்.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இன்னொரு சிக்கல்: கார் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும், பிள்ளைகளில் ஒருவர் விற்க வருவார். அவருக்கு விற்கும் உரிமை இன்னும் வந்திருக்காது. இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ சொத்து நிர்வாகப் பத்திரம் முடித்து வரச் சொல்லுங்கள். மற்ற அண்ணன் தம்பி அக்கா தங்கைகளின் சம்மதமும் அதில் வந்துவிடும். “நாம பழகினவங்கதானே” என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்தால் பிறகு மனக்கசப்புதான் மிஞ்சும்.

இந்தக் காரை யார் பழுது பார்ப்பார்கள்? புதுப் பட்டறைகளில் கம்ப்யூட்டர்தானே பார்க்கிறார்கள்?

இதைக் கேட்கும்போதுதான் தோட்டப்பட்டணத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் காரின் போல்ட், நட்டெல்லாம் அங்குலக் கணக்கு: 7/16, 1/2, 9/16. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் தலை உருண்டுவிடும். ஆனால் தோட்டங்களில் ஓடிய மாஸி ஃபெர்குசன் 35, 135 டிராக்டர்களும் அங்குலக் கணக்குதான். அவற்றைக் கழற்றி மாட்டிய போமன்கள் (மெக்கானிக்குகள்) இன்னும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஸ்பேனர் பெட்டியில் உங்கள் காருக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். பாயிண்ட் (பிளக்குக்குப் பொறி வர வைக்கும் தொடுமுனை) வைப்பது, கார்புரேட்டர் பிரிப்பது, வால்வு இடைவெளி பார்ப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை.

அவர்களுக்கும் வயதாகிவிட்டது என்பதுதான் என் கவலை. ஆகவே கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டிப் போங்கள். கூலியை அன்றைக்கே, பேரம் பேசாமல் கொடுங்கள். இந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன். இருநூறு வெள்ளிப் பாகத்துக்குக் கப்பல் கூலி கொடுப்பவர், அதைப் பொருத்தும் மனிதரிடம் இருபது வெள்ளி குறைக்கச் சொல்வது எனக்குப் பொறுக்காது.

நீங்களே வேலை செய்வதானால், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்ட் வைத்து, காரை ஆட்டிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

உதிரிப்பாகம் எங்கே வாங்குவது?

எந்திரப் பாகங்கள் அமெரிக்காவிலிருந்து, வலக்கை ஓட்டலுக்கே உரிய ஸ்டீயரிங் பெட்டி, வைப்பர் இணைப்பு, டேஷ்போர்டு ஆகியவை ஆஸ்திரேலியாவிலிருந்து. 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கப்பல் கூலி அதைவிடக் கடிக்கும். அதனால் ஒவ்வொன்றாக வாங்காமல் ஆண்டுக்கு ஒரு முறை பட்டியல் போட்டு, நண்பர்களோடு சேர்ந்து வாங்குங்கள்.

எல்லாவற்றையும் வெளியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. ரேடியேட்டர் பித்தளை, செம்பு. லோரி ரேடியேட்டர் பார்ப்பவர் உள்கூட்டைப் புதிதாக மாற்றித் தருவார். லோரி பிரேக்குக்கு லைனிங் ஒட்டும் கடை உங்கள் காரின் பழைய பிரேக் ஷூவுக்கும் ஒட்டும். அதனால் பழைய ஷூவைத் தூக்கிப் போடாதீர்கள். நாலு போல்ட் ஃபால்கனுக்கு 13 அங்குலச் சக்கரம். பழைய சாகாவுக்கும் அதே அளவு என்பதால் டயர் இன்னும் கிடைக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பார்த்து வாங்குங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம்.

முதல் செலவு எதற்கு?

பிரேக்குக்கு. பெயிண்ட் கடைசியில்.

அந்தக் காலத்து ஃபால்கனுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும், கைபிரேக்தான் மிச்சம். அமெரிக்கக் கார்களில் இரட்டைச் சுற்று பரவலாக வந்தது 1967 மாடல்களிலிருந்து. இரட்டைச் சுற்று மாஸ்டர் பம்ப் பொருத்தும் வேலையைத் தெரிந்த கையிடம் கொடுத்து முதலில் முடித்துவிடுங்கள். பேரப்பிள்ளையை ஏற்றும் முன் முடித்துவிடுங்கள்.

பம்ப் நிலையை நீங்களே சோதிக்கலாம். கார் நின்றிருக்கும்போது பிரேக்கை மிதித்து, அழுத்தம் குறையாமல் ஒரு நிமிடம் வைத்திருங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால், வெளியே கசிவு தெரியாவிட்டாலும் மாஸ்டர் பம்பின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்று என்பது பொது வழக்கம். நம் ஊர் ஈரத்துக்கு நான் ஆண்டுதோறும் மாற்றுகிறேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசி பறக்கவிடாதீர்கள், தண்ணீர் தெளித்துத் துணியால் துடையுங்கள்.

டிரம் பிரேக் சூடேறினால் பிடி தளரும். கோலகங்சாரிலிருந்து ஈப்போ வரும்போது மெனோரா சுரங்கத்தை ஒட்டிய நெடுஞ்சாலை இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வரக் கூடாது. கியரைக் குறைத்து என்ஜின் பிடியில் இறங்குங்கள். நான் பழைய கூட்டரசுச் சாலையில்தான் போவேன். மழையானால் இன்னொன்றும் உண்டு: சில கார்களில் வைப்பர் என்ஜினின் வாக்யூமில் ஓடும். மேடு ஏறும்போது எக்ஸிலேட்டரை அழுத்தினால் வைப்பர் அப்படியே சோர்ந்து நின்றுவிடும். மின்சார மோட்டாருக்கு மாற்றுவது வீண்செலவு ஆகாது.

நம் வெயிலுக்கு என்ஜின் கொதிக்காதா?

சுத்தமாக இருந்தால் கொதிக்காது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, குழாய்களை மாற்றி, கூலண்ட் ஊற்றுங்கள். வெறும் பைப் தண்ணீர் வேண்டாம். சூடு ஏறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பட்டறைகளில் பழைய வழக்கம். அதைச் செய்ய விடாதீர்கள். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் இருந்தால் என்ஜின் உரிய சூட்டில் ஓடும். அது இல்லாமல் குளிர்ந்தே ஓடினால் ஆயிலில் கசடு சேரும், தேய்மானம் கூடும்.

ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக மறுத்தால் பெரும்பாலும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கும். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள். நிரந்தரத் தீர்வு, குழாயை என்ஜின் சூட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் உறை போடுவது.

எந்தப் பெட்ரோல், எந்த ஆயில்?

இந்தச் சிறு ஆறு சிலிண்டர் என்ஜின்களின் கம்ப்ரெஷன் 8.7க்கு 1, ரோன்95 தாராளமாகப் போதும். ரோன்97-க்குக் கொடுக்கும் காசை பிரேக்கில் போடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது இல்லாததால், தொடர்ந்து வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயும். மெதுவாக ஓட்டுபவருக்கு அவசரமில்லை. என்றைக்காவது ஹெட்டைக் கழற்றும்போது கடினமான சீட் போட்டுவிடுங்கள்.

ஆயில் 20டபிள்யூ-50 மினரல். பழைய கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் உரசி ஓடுபவை, அவற்றுக்குத் துத்தநாகச் சேர்மானம் வேண்டும். புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். விலை அதிகமான சிந்தெட்டிக் ஆயில் இதற்கு வேண்டியதில்லை.

பெட்ரோல் செலவு கேட்பவர்களுக்கு: லிட்டருக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் வைத்துக்கொள்வதா, எலெக்ட்ரானிக் போடுவதா?

இரண்டும் சரி. நான் பாயிண்ட் வைத்திருக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கேமின் மூக்கு பாயிண்டை முழுக்கத் திறக்கும் இடத்துக்கு என்ஜினைக் கையால் சுற்றி நிறுத்தி, 0.025 அங்குல ஃபீலர் கேஜை நுழைத்து, லேசாக உரசும்படி திருகை முடுக்குவது. முடுக்கிய பிறகு இடைவெளி நகர்ந்திருக்கும், மறுபடியும் பார்க்க வேண்டும். பெர்ட்ரோனிக்ஸ் மாதிரி எலெக்ட்ரானிக் கிட் போட்டால் இந்த வேலை இல்லை. ஆனால் அது போனால் சாலையோரத்தில் சரிசெய்ய முடியாது. போட்டாலும் பழைய பாயிண்டும் கண்டென்சரும் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கட்டும்.

எலித் தொல்லை?

செம்பனை சூழ்ந்த ஊரில் இதைச் சிறிதாக நினைக்க வேண்டாம். துணி உறை போட்ட பழைய வயரையும் சீட் பஞ்சையும் எலி விடாது. ஒரு வயர் அறுந்து உரசினால் கார் எரிந்தே போகும். தோட்டங்களில் ஆந்தைப் பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். வீட்டில் நாம் செய்யக்கூடியது வாரம் ஒருமுறை பானெட்டைத் திறப்பதும், நிறுத்தியதும் பேட்டரி வயரைத் துண்டிக்கும் சுவிட்ச் வைப்பதும். வயர் கட்டு முழுவதும் பழையதென்றால் மாற்றிவிடுங்கள், ஃபியூஸும் கூட்டிக்கொள்ளுங்கள்.

காரை வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது கெடுதல், ஈரம் ஆயிலிலும் எக்ஸாஸ்டிலும் தங்கிவிடும். அரை மணிக்கு மேல் நன்றாகச் சூடேறும்வரை ஓட வேண்டும்.

ஏர்கான் போடலாமா?

வேண்டாம். பழைய ஜெனரேட்டர் தாங்காது, ரேடியேட்டரும் திணறும். காலையிலும் மாலையிலும் ஓட்டுங்கள்.

காப்புறுதி?

இவ்வளவு பழைய காருக்கு முழுக் காப்புறுதி தரப் பல நிறுவனங்கள் தயங்கும். தருபவர் கிடைத்தால், ஒப்புக்கொண்ட மதிப்பை எழுத்தில் வாங்குங்கள். சந்தை மதிப்பு என்று விட்டால் அறுபது வருடக் காருக்கு என்ன சந்தை மதிப்பு போடுவார்கள்? மூன்றாம் தரப்பு மட்டும் போதும் என்றால் செலவு குறைவு. எல்லாரும் மறுத்துவிட்டால், அப்படிப்பட்ட வாகனங்களுக்கென்றே எம்எம்ஐபி என்ற பொதுக் குழுமம் இருக்கிறது.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாமா?

தனியார் காரின் காப்புறுதி, வாடகைக்கு ஆள் ஏற்றுவதற்குச் செல்லாது. விபத்து என்றால் உங்கள் சேமிப்பு முழுக்கப் போகும். நான் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காசு வாங்காமல், நானே ஓட்டிப் போகிறேன். பொண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டில் ஏறுவதற்கு முன் பிரேக்கைப் பார்த்துவிடுவேன்.

ஆயுத பூஜைக்கும் ஒரு வார்த்தை. எலுமிச்சையை டயருக்கு அடியில் வையுங்கள், குரோமில் பிழிய வேண்டாம். குங்குமத்தை அன்றைக்கே கழுவுங்கள். கற்பூரத் தட்டை பானெட்டின்மேல் வைக்காதீர்கள், தாம்பாளத்தைக் கையில் பிடித்தே காட்டலாம்.

மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

சாலை வரியையும் காப்புறுதியையும் பன்னிரண்டால் வகுத்து ஒரு கவரில் போடுங்கள். பெட்ரோலுக்கு இன்னொன்று. இவை தவிர, கார் நன்றாக ஓடும் மாதத்திலும் நான் 150 வெள்ளி பழுதுக்கென்று எடுத்து வைக்கிறேன். அந்தக் கவரில் இருப்பதற்கு மேல் ஒரு வேலை வந்தால் கார் நிற்கும். வீட்டுக் காசை எடுப்பதில்லை. என் மனைவியும் நானும் பேசி வைத்த ஒப்பந்தம் இது. வாங்குவதற்கு முன்பே உங்கள் வீட்டிலும் பேசிவிடுங்கள்.

முட்டி வலி இருக்கிறது. ஓட்ட முடியுமா? முடியாத நாள் வந்தால்?

பவர் ஸ்டீயரிங் இல்லை, பிரேக்குக்குப் பூஸ்டர் இல்லை. வாங்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அவசரத்தில் பெடலை முழு பலத்தோடு மிதிக்கக் கால் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத நாளில் விற்றுவிடுவது நல்லது, கொட்டகையில் போட்டுத் துருவுக்குக் கொடுக்க வேண்டாம். நல்ல விலைக்குக் காத்திருப்பதைவிட, கையில் கிரீஸ் படியத் தயங்காத ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பேன். விற்கும்போது மிச்சமிருக்கும் பிரேக் ஷூ, பாயிண்ட், அங்குல ஸ்பேனர்கள், எந்த மாதம் எதை மாற்றினோம் என்று எழுதிய நோட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பெயர் மாற்றப் பரிசோதனைக்கு வாங்குபவரோடு நீங்களும் போய், ஜேபிஜேயில் அவர் பெயர் ஏறியதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அதுவரை வரும் சம்மன் எல்லாம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.